வாயில் நுழையாத நோய்ப் பெயர்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காலபோக வேலை நடக்கும்போது என் கணவருக்குக் கடுங்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, சுகமானதும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். தந்த கார்ட்டை அயலில் படிக்கிற பிள்ளை ஒருத்தி ‘லெப்ரொஸி’ என்று வாசித்துவிட்டாள். குஷ்டம் என்று ஊரெல்லாம் கதை போய்விட்டது. திரும்பிப் போய்க் கேட்டபோதுதான் அது ‘லெப்டோஸ்பைரோஸிஸ்’, அதாவது எலிக்காய்ச்சல் என்று சொன்னார்கள். அந்த நீளமான சொல்லை எப்படிப் பிரித்து வாசிப்பது?
– வாசகி, முள்ளியவளை

பதில்: அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. இரண்டு சொல்லும் ‘லெப்’ என்றே தொடங்குகின்றன. நாலாவது எழுத்து ஒன்றில் ‘டி’, மற்றதில் ‘ஆர்’. அவசரக் கையெழுத்தில் இரண்டும் ஒரே கோடாகத் தெரியும். வேரும் ஒன்றுதான்: கிரேக்கத்தில் ‘உரித்தல்’ என்ற சொல்லிலிருந்து, உரித்து மெல்லிதான எதற்கும் ‘லெப்டொஸ்’ என்றும், செதில் செதிலாக உரியும் தோல் நோய்க்கு ‘லெப்ரா’ என்றும் பெயர் வந்தன. சொற்கள் சொந்தம், நோய்களுக்குள் எந்தச் சொந்தமும் இல்லை. உங்கள் அயலவருக்கு இதைச் சொல்லுங்கள்.

இனிச் சொல்லைப் பிரிப்போம். எந்த மருத்துவச் சொல்லையும் முதலில் பொருள் பார்த்து வெட்ட வேண்டும். இதில் மூன்று துண்டு: ‘லெப்டோ’ என்றால் மெல்லிய, ‘ஸ்பைரா’ என்றால் சுருள், ‘ஓஸிஸ்’ என்றால் நோய் நிலை. இந்தக் கிருமி நுணுக்குக்காட்டியில் மெல்லிய சுருளாகத் தெரியும், நுனி கொக்கிபோல வளைந்திருக்கும். வளைவு கேள்விக்குறியை ஒத்திருப்பதால் ஓர் இனத்துக்கு ‘இன்டெரொகன்ஸ்’ என்றே பெயர். இந்தப் படம் மனதில் பதிந்தால் சொல்லின் முதற்பாதி மறக்காது.

பொருள் பார்த்து வெட்டிய பிறகு ஒலி பார்த்து வெட்டுங்கள்: லெப் - டோ - ஸ்பை - ரோ - ஸிஸ். ஐந்து ஒலியசை. அழுத்தம் நாலாவதில், ‘ரோ’வில். மற்ற நாலும் அதன் பின்னால் ஒதுங்கிப் போக வேண்டும்.

முன்னாலிருந்து படித்தால் நடுவில் மூச்சு முட்டும். பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள். முதலில் ‘ஸிஸ்’. பிறகு ‘ரோஸிஸ்’; இதைப் பத்துத் தரம் சொல்லி ‘ரோ’வை நன்றாக ஊன்றுங்கள். அடுத்தது ‘ஸ்பைரோஸிஸ்’, பிறகு ‘டோஸ்பைரோஸிஸ்’, கடைசியில் முழுச் சொல். ஒவ்வொரு தரமும் ஏற்கெனவே பழகிய பகுதியில் போய் முடிவதால் நா தடுமாறாது. முன்னாலிருந்து படிப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறாக நடக்கும்: தொடக்கம் பலமாக வரும், முடிவு வாய்க்குள் கரைந்துவிடும். ஆனால் மருத்துவச் சொல்லில் இது நோயா, சத்திரசிகிச்சையா, பரிசோதனையா என்று காட்டுவது முடிவுதான்.

பலரும் வழுக்கும் இடம் ‘ஸ்பை’. தமிழில் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பதால் ‘ஸ்கூல்’ நம் வாயில் ‘இஸ்கூல்’ ஆகிறது. அதே பழக்கத்தில் ‘லெப்டோ இஸ்பைரோஸிஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். ஐந்து அசை ஆறாகிவிடுகிறது. இதைத் தவிர்க்க, ‘ஸ்’ஐ முன்னெழுத்தோடு ஒட்டிவிடுங்கள்: லெப் - டோஸ் - பை - ரோ - ஸிஸ். அகராதி வேறு இடத்தில் வெட்டும். காதுக்கு இரண்டும் ஒன்றுதான், நம் நாவுக்கு இது சுகம். கடைசி ‘ஸிஸ்’ஐ ‘ஸீஸ்’ என்று நீட்டவும் கூடாது. நீட்டினால் பன்மை; ‘டயக்னோஸிஸ்’ ஒன்று, ‘டயக்னோஸீஸ்’ பல.

எலிக்காய்ச்சல் வராமலிருக்க, வயலில் இறங்குமுன் சுகாதாரப் பகுதியினர் தரும் குளிசையின் பெயரையும் இதே முறையில் பழகலாம்: டொக் - ஸி - ஸை - க்ளீன். நாலு அசை, அழுத்தம் ‘ஸை’யில். வாரத்துக்கு ஒரு தரம் 200 மில்லிகிராம் என்று கொடுப்பார்கள். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே சரிந்து படுக்காமல் இருங்கள். தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் புண் வைக்கும். கர்ப்பிணிகள் தாங்கள் கர்ப்பம் என்பதைக் கட்டாயம் முதலில் சொல்ல வேண்டும்.

கேள்வி: நான் உயர்தரம் உயிரியல் படிக்கிறேன். தமிழ்ப் பாடத்தில் படித்த நேரசை, நிரையசையை வைத்து இந்தச் சொற்களை அலகிட முடியாதா?
– மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: நல்ல கேள்வி. பாதித் தூரம் போகலாம். ‘காஸ்ட்ரைட்டிஸ்’ என்பதை அலகிட்டால் நேர் நேர் நேர், தேமாங்காய். ஆங்கிலத்திலும் அது மூன்று ஒலியசைதான். கணக்குச் சரி.

இப்போது ‘மலேரியா’வை அலகிடுங்கள். மலே - ரியா. நிரை நிரை, கருவிளம். இரண்டே அசை. ஆங்கிலத்தில் அது ம - லே - ரி - யா என நாலு, அழுத்தம் இரண்டாவதில். அந்த ‘லே’ உங்கள் முதல் நிரையின் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டது. நிரையசை என்றாலே குறிலோடு இன்னோர் உயிரொலியைச் சேர்த்து எண்ணுவது. மருத்துவச் சொல்லிலோ ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. ஆகவே யாப்பின் நேரசை பொருந்தும், நிரையசை வரும் இடமெல்லாம் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

(வன்னியில் ஒரு காலத்தில் காய்ச்சல் என்றாலே மலேரியாதான். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. சொல்லின் பொருள் இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’.)

இதைவிட எளிய வழியொன்றைத் தமிழ் எழுத்தே நமக்குத் தருகிறது. சொல்லைத் தமிழில் சரியாக எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்துகளையும் ஆய்தத்தையும் பென்சிலால் வெட்டுங்கள். மிஞ்சுபவற்றை எண்ணுங்கள். லெப்டோஸ்பைரோஸிஸ்: லெ, டோ, பை, ரோ, ஸி – ஐந்து. ஹைப்பர்டென்ஷன்: ஹை, ப, டெ, ஷ – நாலு. ஆங்கில எழுத்தில் எண்ணுகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கே ஒலிக்காத உயிர்கள் நடுநடுவே நிற்கும்.

ஆனால் எழுதும்போது துணை உயிர் நுழைந்துவிட்டால் கணக்குப் பிழைக்கும். சிறுநீரக கிளினிக்குக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று: ‘கிரியற்றினீன்’. இப்படி எழுதி எண்ணினால் ஐந்து வரும். உண்மையில் நாலு: க்ரி - யற் - றி - னீன், அழுத்தம் ‘யற்’றில். ‘கி’யில் இருக்கும் இகரம் நாம் சேர்த்தது. அதேபோல ‘டியூ’ என்று எழுதாமல் ‘ட்யூ’ என்று எழுதினால்தான் ஓர் அசை கிடைக்கும்.

கேள்வி: அசை பிரிக்கத் தெரிகிறது. எதில் அழுத்துவது என்றுதான் தெரியவில்லை. விரிவுரையாளர் சொல்லும்போது ஒருமாதிரி, நான் சொல்லும்போது வேறுமாதிரி இருக்கிறது.
– தாதியர் பயிற்சி மாணவி, வவுனியா

பதில்: தமிழில் அழுத்தம் மாறினால் சொல் மாறாது. அதனால் எல்லா அசையையும் ஒரே எடையில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் ஓரசை நீண்டு, உரத்து, சற்று உயர்ந்து ஒலிக்க, அண்டை அசைகள் சுருங்கும். ஒரு றப்பர் பான்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுத்தம் வரும் இடத்தில் மட்டும் இழுத்துச் சொல்லிப் பாருங்கள். இழுக்காத இடத்தில் குரல் தானாகச் சுருங்கும்.

எங்கே இழுப்பது என்பதைச் சொல்லின் வால்தான் தீர்மானிக்கும். தலையை வைத்துத் தேட வேண்டாம். ‘நெஃப்ரோன்’ (சிறுநீரகத்தின் நுண்ணலகு) என்றால் அழுத்தம் முதலசையில். அதே வேரில் ‘லொஜி’ சேர்ந்ததும் அழுத்தம் நகர்ந்துவிடும்: நெ - ஃப்ரொ - ல - ஜி, அழுத்தம் ‘ஃப்ரொ’வில். இசிஜியின் முழுப்பெயர் இலெக்ட்ரோகார்டியோகிராம், அழுத்தம் ‘கார்’. அதைச் செய்யும் முறை இலெக்ட்ரோகார்டியொகிரஃபி. அழுத்தம் ‘யொக்’குக்குப் போய்விட்டது. ‘லொஜி’, ‘கிரஃபி’, ‘ஸ்கொப்பி’, ‘டொமி’ என முடிந்தால், அந்த வாலை ஒட்டி முன்னால் வரும் உயிர்தான் அழுத்தம் வாங்கும்: எண்டொஸ்கொப்பியில் ‘டொஸ்’, அப்பெண்டெக்டொமியில் ‘டெக்’. தெர்மொமீட்டரில் ‘மொ’வும் இதே கணக்குத்தான். நீளத்தை அளக்கும் மில்லிமீட்டர் வேறு குடும்பம், அங்கே ‘மில்’.

இன்னொரு வகை வால்கள் அழுத்தத்தைத் தங்களிடமே வைத்துக்கொள்ளும். ‘ஐட்டிஸ்’ (அழற்சி) என்றால் ‘ஐ’, ‘ஓஸிஸ்’ என்றால் ‘ஓ’, ‘ஈமியா’ (இரத்தம் பற்றியது) என்றால் ‘ஈ’. தலஸீமியாவில் ‘ஸீ’. ‘ஐயஸிஸ்’ என்ற வாலில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். ‘ஸோரியாஸிஸ்’ அல்ல, ஸொ - ரை - அ - ஸிஸ். மணல் ஈ கடித்துத் தோலில் ஆறாத புண் வரும் நோய் லீஷ் - ம - நை - அ - ஸிஸ், அழுத்தம் ‘நை’. முதற்பகுதி லீஷ்மன் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவரின் பெயர். ஆகவே எழுத்தைப் பார்த்து ‘லெய்ஷ்’ என்று வாசிக்கக் கூடாது.

‘ஸிஸ்’ என்று முடிந்தாலே ‘ஓஸிஸ்’ என்று எண்ணிவிடாதீர்கள். புற்றுநோய் பரவுவதைச் சொல்லும் மெ - டாஸ் - ட - ஸிஸ், இருமலில் இரத்தம் வருவதைச் சொல்லும் ஹீ - மொப் - டி - ஸிஸ் இரண்டிலும் ‘ஸிஸ்’ஸுக்கு முன் ‘ஓ’ இல்லை. அழுத்தம் இரண்டாம் அசையில்.

கேள்வி: அம்மாவுக்கு நீரிழிவு. கிளினிக்கில் ‘ஹைப்போ’ என்றார்களா ‘ஹைப்பர்’ என்றார்களா என்று வீட்டுக்கு வந்த பிறகு எங்களுக்குள் சண்டை. ஒரு எழுத்துத்தானே வித்தியாசம்?
– வாசகர், மாங்குளம்

பதில்: இந்த ஒரு எழுத்தில் உயிர் போகலாம். ‘ஹைப்போ’ குறைவு, ‘ஹைப்பர்’ மிகை. சீனி குறைந்தவருக்கு உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும். கூடியவருக்குக் கொடுக்கக் கூடாது.

காது ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. ஹை - போ - க்ளை - ஸீ - மி - யா, ஹை - பர் - க்ளை - ஸீ - மி - யா: இரண்டுக்கும் ஆறு அசை, இரண்டிலும் அழுத்தம் ‘ஸீ’யில். வேறுபடுகிற ஒரே அசை அழுத்தமில்லாத இடத்தில் இருக்கிறது, பேச்சு வேகத்தில் அது விழுங்கப்படுகிறது. ஆகவே இங்கே மட்டும் விதியை மீறுங்கள்: ‘போ’வையும் ‘பர்’ரையும் வேண்டுமென்றே ஊன்றிச் சொல்லுங்கள். கேட்பவராக இருந்தால், “லோவா, ஹையா? நம்பர் எத்தனை?” என்று திருப்பிக் கேளுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் அது ‘போ’. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் விடாமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

இப்படிக் காதை ஏமாற்றும் சோடிகள் இன்னும் உண்டு. டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்கச் சிரமம், டிஸ்ஃபேஸியா என்றால் பேச்சில் குறை. பாரிசவாதம் வந்தவருக்கு இரண்டுமே இருக்கக்கூடும் என்பதால், சூழலை வைத்து ஊகிக்க முடியாது. பேச்சுக் குறை என்று நினைத்து, விழுங்க முடியாதவருக்குச் சோறு ஊட்டினால் புரையேறும்.

மருந்துகளில் கார் - பிம் - அ - ஸோல் தைரொயிட் மிகையாக வேலை செய்வதற்கு; கார் - ப - மாஸ் - எ - பீன் வலிப்புக்கு. முன்னதில் நாலு அசை, அழுத்தம் ‘பிம்’. பின்னதில் ஐந்து, அழுத்தம் ‘மாஸ்’. அழுத்தத்தைச் சரியாக வைத்தால் இவை இரண்டும் குழம்புவது குறையும். எல்லா அசையையும் ஒரே எடையில் சொன்னால் பாமசியில் குழம்பும். குளிசையின் வெற்று மட்டையைக் கையோடு கொண்டுபோவது எப்போதும் நல்லது.

கேள்வி: நிமோனியாவை ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ‘பி’ இருக்கிறது, வாசிக்கும்போது இல்லை. ஏன்?
– வாசகர், பரந்தன்

பதில்: கிரேக்கர் ‘ப்ஸ’, ‘ப்ட’, ‘ப்ந’ என்று சொல்லைத் தொடங்கினார்கள். ஆங்கில நாவுக்கு அது ஏறவில்லை. எழுத்தை வைத்துக்கொண்டு ஒலியை விட்டுவிட்டார்கள். நிமோனியாவும் ஸொரையஸிஸும் அப்படித்தான். வெயிலிலும் புழுதியிலும் நிற்பவர்களுக்குக் கண் வெள்ளையில் சதை வளருமே, அதன் பெயர் டெ - ரிஜ் - இ - யம். எழுத்தில் முன்னால் ஒரு ‘பி’ நிற்கும். பொருள் ‘சிறு இறக்கை’. சதை இறக்கை வடிவில் கருமணியை நோக்கிப் படரும். அதே இறக்கைதான் ஹெலிகொப்டரிலும் இருக்கிறது! ஹெலிகோ (சுருள்) + ப்டெர் (இறக்கை). அங்கே ‘ப்’ ஒலிக்கிறது, ஏனென்றால் அது சொல்லின் நடுவில் வந்துவிட்டது, முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்தது. தொடக்கத்தில் மௌனம், நடுவில் ஒலி. மேலே சொன்ன ஹீமொப்டிஸிஸும் சாட்சி.

கேள்வி: சுகாதாரப் பதாகைகள் எழுதுகிறேன். ‘ரைபொயிட்’ என்பதா, ‘டைஃபொயிட்’ என்பதா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: நம் பக்கத்தில் ஆங்கில ‘டி’யை (T) ரகரத்தால் எழுதுவது பழைய வழக்கம்: ரெலிபோன், ரொறன்ரோ. ஆங்கிலம் தெரிந்தவர் அதை மனதில் திருத்திக்கொள்வார். தெரியாத பிள்ளை எழுத்தில் இருப்பதைத்தான் வாசிக்கும். நோய்ப் பெயருக்கு ‘டைஃபொயிட்’ என்றே எழுதுங்கள். சொல்லின் நடுவில் ‘ற்ற’ எழுதலாம். நம் வாயில் அது ஆங்கில ஒலிக்கு மிக அருகில் இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கானால் ‘ட்ட’.

அதைவிட முக்கியம் இரட்டிப்பு. இரண்டு உயிருக்கு நடுவே தனியே நிற்கும் வல்லெழுத்தைத் தமிழன் மெலித்துத்தான் வாசிப்பான். ‘ஹெபடைடிஸ்’ என்று எழுதினால் அந்தப் பகரமும் டகரமும் குழைந்துவிடும். ‘ஹெப்பட்டைட்டிஸ்’ என்று எழுதுங்கள். நாலு அசை அப்படியே இருக்கும், ஒலியும் தப்பும். ‘ஃப’வுக்கு ஆய்தத்தை விடாதீர்கள்.

கேள்வி: வயிற்று எரிவுக்கு ‘ஓஜிடி’ செய்ய வேண்டும் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். முழுப்பெயர் என்ன?
– வாசகி, மல்லாவி

பதில்: ஈ - ஸொ - ஃப - கோ - காஸ் - ட்ரோ - ட்யூ - ஓ - டெ - நொஸ் - கொ - பி. ஆங்கிலத்தில் 27 எழுத்து, பன்னிரண்டு அசை. துண்டாக வெட்டினால் பயம் போய்விடும்: ஈஸொஃபகோ (களம், அதாவது உணவுக்குழாய்), காஸ்ட்ரோ (இரைப்பை), ட்யூஓடெனோ (முன்சிறுகுடல்), ஸ்கொப்பி (உள்ளே பார்த்தல்). கமரா போகும் வழியே சொல்லின் வரிசை. தொடக்கத்து ‘ஓ’ ஒலிக்காது. பிரித்தானிய எழுத்துமுறையில் அது நிற்பதால்தான் சுருக்கம் ‘ஓ’வில் தொடங்குகிறது. தலையாய அழுத்தம் ‘நொஸ்’. முன்சிறுகுடலின் பெயர் ‘பன்னிரண்டு’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நீளம் பன்னிரண்டு விரற்கடை என்று பழைய கிரேக்க மருத்துவர் அளந்தார்கள். பரிசோதனைக்குப் போகுமுன் எத்தனை மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எலிக்காய்ச்சல் என்று தமிழில் சொன்னால் போதாதா? ஏன் இந்தப் பாடு?
– வாசகர், துணுக்காய்

பதில்: வீட்டிலும் வயலிலும் எலிக்காய்ச்சல் என்றே சொல்லுங்கள், அதுதான் எல்லோருக்கும் விளங்கும். தமிழால் மருத்துவம் பேச முடியாது என்று எவரும் சொல்ல முடியாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்.

ஆனால் நோயாளியை அனுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ மாற்றும்போது, எதிரே நிற்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், நமக்குச் சிங்களம் தெரியாமல் இருக்கலாம். அப்போது இருவருக்கும் பொதுவாக இருப்பது அந்த நீளச் சொல்தான். கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் மூன்று வரி எழுதி வையுங்கள். முதல் வரியில் எலிக்காய்ச்சல். இரண்டாவதில் லெப்டோஸ்பைரோஸிஸ், ‘ரோ’வுக்குக் கீழே கோடு. மூன்றாவதில் சிங்களப் பேச்சில் அதற்குச் சொல்வது: ‘மீ உண’. ‘மீ’ என்றால் எலி, ‘உண’ என்றால் காய்ச்சல்.